தனியாள் தொழிலுக்கு ஒரு சங்கம்

என் தலைமுறையில் புதுக்கோட்டைச் சீமையில் புகைப்படத் தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள், கல்யாண வீடுகளுக்கு எவ்வளவு கடமைப்பட்டவர்களோ அவ்வளவு நாடகக்காரர்களுக்கும் கடமைப்பட்டவர்கள். அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ நடந்தே தீர வேண்டும் என்ற வழக்கம் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமங்களிலும் திருமயம், பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமங்களிலும் வேரூன்றியிருந்த காலத்தில், அந்த நாடகத்துக்கென்று அடிக்கும் நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவருடைய முகமும் தனித்தனியே அச்சாகி வர, அதைப் பார்த்த பிறகுதான் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் போவதா இருப்பதா என்று தீர்மானிப்பார்கள். அந்த முகங்களைப் படம்பிடித்துக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற ஸ்டூடியோக்காரர்கள். கலைத்தொழில் செய்து ஜீவிக்கிறவனுக்குச் சங்கம் எதற்கு என்பதை நான் முதன்முதலாக அறிந்துகொண்டது அந்த நாடகக்காரர்களிடத்திலேதான். பிற்காலத்தில் எங்கள் தொழில் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது எங்களைத் தாங்கி நிறுத்திய ஏற்பாடுகள் பலவற்றுக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது.

நோட்டீஸ் படம் என்பது சாதாரண வேலை அன்று. ராஜபார்ட்டுக்காரர் கிரீடமும் மார்ச்சுட்டியும் அணிந்து, அரிதாரம் பூசி, ஸ்டூடியோவுக்குள் வந்து நிற்பார். விளக்கை நேராகப் போட்டால் ஜிகினாவெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். ஆகையால் பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து, எதிர்ப்புறத்தில் வெள்ளைத் துணி பிடித்து, 120 ரோலில் எடுக்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கழுவிக் காயவைத்த நெகடிவை ரீடச்சிங் மேசையில் பொருத்திப் பின்னாலிருந்து வெளிச்சம் வரச் செய்து, அதன்மேல் மெல்ல மீடியம் தடவி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக இட்டுக்கொண்டே போவோம். முகத்தின் சுருக்கம் நெகடிவில் வெளிறிய கோடாகக் கிடக்கும். அந்த வெளிற்றைப் பென்சிலால் நிரப்பினால், பிரிண்டில் கறுப்பாக விழ வேண்டிய கோடு மறைந்துவிடும். அதிகமாக நிரப்பினால் முகம் மாவு பூசிய பொம்மையாகிவிடும். ஆகவே எவ்வளவு போதும் என்பதைக் கண் சொல்ல வேண்டும், கை கேட்க வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு முற்பகல் முழுவதும் செலவாகும். பிறகு அந்தப் பிரிண்ட் பிளாக் செய்கிறவரிடம் போய், துத்தநாகத் தகடாக மாறி, அச்சாபீசுக்குப் போகும்.

இப்படி ஒரு முறை வேலை நடந்துகொண்டிருக்கையில், வயதில் மூத்த ராஜபார்ட் ஒருவர், அடுத்த வாரத்துத் தேதிக்குத் தமக்குத் தொண்டை கட்டியிருப்பதையும், இருந்தாலும் போயே ஆக வேண்டியிருப்பதையும் சொன்னார். வேறொருவரை அனுப்பக்கூடாதா என்று கேட்டேன். "நோட்டீஸ்ல படம் ஏறிப்போச்சுன்னா தேதி தப்பக் கூடாது தம்பி. தப்புனா சங்கத்துல பதில் சொல்லணும். அப்படியே முடியலைன்னாலும் நானாப் போயி ஆளு பேச முடியாது; சங்கந்தான் அனுப்பும்" என்றார். அவருடைய குரலில் பயம் இல்லை. தம்முடைய குடும்பத்துப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது இருக்கும் மரியாதைதான் இருந்தது. அன்றிலிருந்து, படம் எடுக்க வரும் நாடகக்காரர்களிடமெல்லாம் அவர்களுடைய சங்கத்தைப் பற்றி விசாரிப்பது எனக்கு வழக்கமாயிற்று.

ஸ்பெஷல் நாடகம் என்று நம் பக்கத்தில் வழங்கும் அந்த ஏற்பாட்டின் விசேஷத்தைத் தெரிந்துகொண்டால்தான் சங்கத்தின் அருமை விளங்கும். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஏற்படுத்திய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தம் வாழ்நாளில் எழுதிக் குவித்த நாடகங்களே இன்றளவும் அம்மேடைக்கு மூலதனம். சுவாமிகளுக்கும் எங்கள் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் சுவீகார புத்திரராகவே கொண்டாடினார் என்பது நாடக உலகம் அறிந்த விஷயம். அந்தப் பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகள் நடந்த காலத்தில் பையன்களுக்குச் சோறும் பாட்டும் படுக்கையும் கம்பெனி. வாத்தியாரின் பிரம்பும் கம்பெனிதான். எங்கள் ஊர் பி. யு. சின்னப்பா அப்படிக் கம்பெனியில் பாடி வளர்ந்துதான் 'உத்தம புத்திர'னிலும் 'ஜகதலப்பிரதாப'னிலும் தமிழ்நாட்டையே வசீகரித்தார். கம்பெனிகள் கலைந்து, சினிமா தலையெடுத்து, நடிகர்கள் தனித்தனி ஆளாகச் சிதறிய பிறகு, ஒரு நாள் இரவுக்கு மட்டும் கூடி மறுநாள் விடிந்ததும் பிரிந்துபோகும் புதிய முறை நிலைத்தது. மதுரையிலிருந்து வள்ளி வருவாள், புதுக்கோட்டையிலிருந்து முருகன் வருவார், காரைக்குடியிலிருந்து நாரதர் வருவார். ஒத்திகை என்ற ஒன்று கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடமாக இருந்ததால் நாடகம் நடந்தது. ஆனால் முன்பணம் வாங்கியவர் வருவார் என்பதற்கும், வந்தவருக்குப் பேசிய தொகை கிடைக்கும் என்பதற்கும் எது உத்தரவாதம்? மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று ஊர்தோறும் தோன்றிய நாடக நடிகர் சங்கங்கள்தாம் அந்த உத்தரவாதம்.

அந்தச் சங்கத்தார் செய்தவற்றில் பெரும்பகுதி சின்னச் சின்னக் காரியங்களே. தேதி கொடுத்தவரின் பெயர் நோட்டில் ஏறும். மழை பெய்து நாடகம் நின்றால் யாருக்கு எவ்வளவு என்று முன்பே பேச்சு உண்டு. பாதி ராத்திரியில் குடித்துவிட்டு மேடையேறிக் கலாட்டா செய்தவனைப் பற்றி ஸ்திரீபார்ட் அம்மாள் புகார் சொன்னால், மறுவாரம் கிராமத்துப் பெரியதனக்காரர்களுக்குச் சங்கத்திலிருந்து ஆள் போகும். அந்தப் பெண்களைச் சமூகம் எவ்வளவு கீழான பார்வையோடு பார்த்தது என்பதை அருகிலிருந்து கண்டவன் நான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் கண்டிருக்கிறேன். ஆர்மோனியக்காரர் ஒருவர் காலமானபோது அவருடைய காரியச் செலவுக்குச் சங்கத்தார் திரட்டிக் கொடுத்த பணம் பதினாறாம் நாளைக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சொந்தத் தாயாதிகளே அந்த வேகத்தில் வரமாட்டார்கள்.

எங்கள் புகைப்படக்காரர்களுக்கு அப்படியொன்றும் இல்லை. வீடியோ வந்த புதிதில், கீழராஜ வீதியில் ஒருவர் சொன்ன தொகையைத் தெற்குராஜ வீதியில் இன்னொருவர் பாதியாக்குவதும், அதைக் கேட்டு அறந்தாங்கியிலிருந்து மூன்றாமவர் அதிலும் பாதிக்கு வருவதும் அன்றாட வழக்கமாக இருந்தன. கல்யாண வீட்டார் புத்திசாலிகள். மூவரையும் வரச்சொல்லி ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லாத தொழிலில், முகூர்த்த மாதத்தில் கிடைப்பதும் இப்படிக் குறைந்துவிட்டால் குடும்பம் எப்படி நடக்கும்? நாடகக்காரர்களின் சங்கக் கதைகளை நான் தேநீர்க்கடையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததன் பலனாகவோ, அல்லது எல்லோரும் சம அளவில் களைத்துப் போயிருந்ததாலோ, எங்கள் வட்டாரத்துப் புகைப்படக்காரர்களும் வீடியோக்காரர்களும் ஒரு முகூர்த்தமில்லா நாளில் கூடினோம்.

கூடியதும் எழுந்த முதல் தகராறு, நாம் முதலாளிகளா தொழிலாளிகளா என்பதே. அப்போதிருந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கமாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியும் ஒரு சங்கத்தைப் பதியலாம். எதைத் தேர்வது? ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், "நாங்கள் கடை நடத்துகிறோம், கொடி பிடிக்கிறவர்கள் இல்லை" என்றார்கள். ஆனால் அதே ஸ்டூடியோக்காரர், தமக்கு ஆர்டர் இல்லாத முகூர்த்தத்தில் மற்றொருவருடைய ஆர்டருக்கு லைட் பிடிக்கப் போகிறார். அவரிடம் லைட் பிடித்த பையன் அடுத்த மாதம் கேமரா வாங்கித் தனியாக ஆர்டர் பிடிக்கிறான். கலைத்தொழிலில் முதலாளிக்கும் கூலிக்கும் நடுவே உள்ள கோடு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் இடம் மாறுகிறது என்பதை உணராமல் போடும் எந்தச் சட்டதிட்டமும் இங்கே நில்லாது என்பது என் திடமான அபிப்பிராயம். கடைசியில், கடை வைத்திருப்பவரும் உதவியாளரும் ஒரே சந்தா கட்டும் சங்கமாக அது அமைந்தது. அந்த ஒரு தீர்மானத்துக்காகவே அன்றைக்குக் கூடியிருந்த பெரியவர்களை நான் இன்றும் வணங்குகிறேன்.

டிஜிட்டல் வந்ததும் இந்த ஏற்பாட்டுக்குப் பரீட்சை வந்தது. பிலிம் ரோலைத் திருச்சி லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த தொழில், சில வருஷங்களுக்குள்ளாகவே மெமரி கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது. மஞ்சள் டப்பாவில் பிலிம் விற்று உலகையே ஆண்ட கோடாக் கம்பெனி, 2012 ஜனவரியில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரி நின்றது. அப்பேர்ப்பட்ட ஸ்தாபனத்துக்கே அந்தக் கதி என்றால், டார்க் ரூமுக்குள் டெவலப்பர் வாசனையோடு தலை நரைத்த எங்கள் மூத்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது சங்கம் செய்த காரியம் ஒன்று எனக்கு மிகவும் உகந்தது. முகூர்த்தமில்லாத மாதங்களில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகையின்றிக் கேட்டு வாங்கி, நான்கைந்து கம்ப்யூட்டர்களை அங்கே கொண்டுவந்து வைத்து, இருபது வயதுப் பையன்களை ஆசிரியர்களாகவும் ஐம்பது வயதுக்காரர்களை மாணாக்கர்களாகவும் உட்கார வைத்தோம். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் மேசையை விட்டுக் கீழே இழுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் போட்டோஷாப்பில் முகத்தைச் சரிசெய்யும் பாடம் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது பையன்களுக்குத் தெரியவில்லை. மணப்பெண்களையெல்லாம் பளிங்குப் பதுமையாக்கிவிட்டார்கள். ரீடச்சிங் பென்சில் பிடித்து ஆயுளைக் கழித்த பெரியவர், "போதும் மாப்ளே, அந்த மச்சத்தை விடு, அதப் பாத்துத்தான் அவுக அப்பத்தா அடையாளஞ் சொல்லும்" என்று சொல்ல, பையன் கையை எடுத்தான். அன்றைக்கு யார் யாருக்குக் கற்பித்தார் என்று சொல்வது கடினம்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். கீரனூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில், பாக்கித் தொகையைத் தராமல் பெண் வீட்டார் இழுத்தடிக்க, எங்கள் உறுப்பினரான இளைஞர் படங்கள் அடங்கிய ஹார்ட் டிஸ்க்கைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தகப்பனார் போலீசுக்குப் போவதாகச் சொன்னார். சங்கத்தில் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். விசாரித்ததில், இரவு வரவேற்பை எடுக்கப் பேசினார்களா இல்லையா என்பதுதான் விவகாரத்தின் வேர் என்று தெரிந்தது. வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தம். இரு தரப்பாரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை. இருவருக்கும் இருவேறு ஞாபகம். அந்த இளைஞர், "நான் எடுத்த படம், எனக்குத்தான் சொந்தம்" என்று வாதாடினார். எங்களுக்குத் துணையாக வந்திருந்த வழக்கறிஞர், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் பிரித்து, கூலி கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டபடி எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், கேட்டு எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்று பதினேழாம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டினார். எங்களில் பலருக்கு அது இடி விழுந்தாற்போல் இருந்தது. தகப்பனார் பாக்கியில் பெரும்பகுதியைக் கொடுத்தார். இளைஞர் அன்றே டிஸ்க்கைக் கொடுத்தார். கல்யாணப் பெண்ணின் தாயார் எங்களுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தனுப்பினார்.

அதன் பிறகு சங்கம் ஓர் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டது. எத்தனை மணி நேரம், எத்தனை பேர், முன்பணம் எவ்வளவு, ஆல்பம் எப்போது, மூலப் படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது, ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் படத்தைப் போட மணமக்களின் சம்மதம் உண்டா என்பதெல்லாம் அதில் உண்டு. 1947இல் கார்த்தியே-பிரஸ்ஸோன், ராபர்ட் காப்பா முதலிய பெரும் புகைப்படக்காரர்கள் மேக்னம் என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, படத்தின் உரிமை பத்திரிகை முதலாளியிடம் போய்விடாமல் எடுத்தவரிடமே தங்க வேண்டும் என்பதாகும். 1950இல் ரமண மகரிஷியின் அந்திமக் காலத்தில் திருவண்ணாமலைக்கு வந்து படம் எடுத்த கார்த்தியே-பிரஸ்ஸோனுக்கு இருந்த அந்தக் கவலையும், கீரனூர் இளைஞருக்கு இருந்த கவலையும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. மேக்னம்காரர்களுக்குப் பாரிஸிலும் நியூயார்க்கிலும் அலுவலகம். எங்களுக்கு அச்சடித்த ஒரு தாள்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓட்டுக் கூரை ஸ்டூடியோக்களில் மழைநீர் புகுந்து, கேமராவும் லென்ஸும் கம்ப்யூட்டரும் நனைந்தன. அதைவிடப் பெரிய துயரம், நனைந்த டிஸ்க்குகளுக்குள் ஊராருடைய கல்யாணங்கள் இருந்தன. சங்கத்தார் புதுக்கோட்டையில் ஜெனரேட்டர் உள்ள இடத்தில் ஓர் அறையைப் பிடித்து, டிஸ்க்குகளைக் கொண்டுவரச் சொல்லி, மீட்கத் தெரிந்த இருவரை இரவு பகலாக உட்கார வைத்தார்கள். கேமரா இழந்தவருக்கு, அவரோடு ஆர்டருக்குப் போட்டியிட்டவரே தம்முடைய இரண்டாவது கேமராவைக் கொடுத்தார். இதை நேரில் பார்த்த பிறகு, சந்தா கட்ட யோசிக்கிறவர்களோடு நான் விவாதம் செய்வதை விட்டுவிட்டேன். அவர்களிடம் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது சங்கத்தின் வலுவும் தெரிந்தது, அதன் எல்லையும் தெரிந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று நாடகத்துக்கும் கல்யாணத்துக்கும் உரிய மாதங்கள் அனைத்தும் போயின. பல மாவட்டங்களில் நாடகக் கலைஞர்கள் வேடமணிந்தபடியே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருந்தவர்களுக்கு அரசின் நிவாரணம் வந்தது. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் போட்டுவைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். புகைப்படக்காரர்களுக்கோ தனி வாரியமே இல்லை. அதை வேண்டித் தமிழ்நாட்டின் பல ஊர்ச் சங்கங்களும் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. அரிசி மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சங்கத்தால் முடிந்தது. ஆனால் ஒரு வருஷ வருமானம் போனதற்கு ஈடு கொடுக்க ஒரு தாலுகா சங்கத்தின் உண்டியல் போதாது. அதற்கு அரசும் சட்டமும் வேண்டும். அரசையும் சட்டத்தையும் அசைப்பதற்கு மறுபடியும் சங்கம்தான் வேண்டும். விராலிமலை முருகன் சந்நிதியில் சதிராடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததைக் கேட்டு இந்த மாவட்டமே பெருமைப்பட்டது. விருது வருவதற்கு முந்திய நீண்ட காலத்தில் இத்தகைய கலைஞர்களுக்கு மாதாந்தரச் சோற்றுக்கு வழி என்ன என்பதையும் அதே பெருமையோடு நாம் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எனக்குள்ள கவலை முழுவதும் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பற்றியது. கந்தர்வகோட்டையிலும் இலுப்பூரிலும் உள்ள பிள்ளைகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கல்யாண வீடியோவை இரவெல்லாம் எடிட் செய்கிறார்கள். யூடியூப் சேனல்களுக்கு முகப்புப் படம் செய்கிறார்கள். பிளெக்ஸ் போர்டு வடிவமைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் அநேகர். வேலை கொடுப்பவரின் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. அனுப்பிய வேலைக்குப் பணம் வராமல், போனையும் எடுக்காமல் போனால், யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் அழுத ஒரு பெண்ணை நான் அறிவேன். ராத்திரிக்கு ராத்திரி புதிய முகங்களோடு மேடையேறிய நாடகக்காரருக்காவது நோட்டீஸில் படம் இருந்தது, ஊர்ப் பெரியதனக்காரர் இருந்தார். இவளுக்கு ஒரு வாட்ஸ்அப் எண்தான் இருந்தது.

இதற்குமேல் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2023இல் அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 148 நாட்களும், நடிகர் சங்கம் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு நடிகருடைய உருவத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் பிரதி செய்வதற்கு அவருடைய சம்மதமும் உரிய சம்பளமும் வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கையாக இருந்தது. அதில் கணிசமான பகுதியை ஒப்பந்தத்தில் எழுதியும் வாங்கிவிட்டார்கள். 1933இல் தோன்றிய நடிகர் சங்கம் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. தனித்தனியே பேசியிருந்தால் யாருடைய சொல் அம்பலமேறியிருக்கும்? தமிழ்நாட்டு அரசும் 2023இல் கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல வாரியத்தை அமைத்திருக்கிறது. உணவும் பொருளும் சுமந்து ஓடுகிறவர்களை மனத்தில் வைத்துத் தோன்றிய அந்த ஏற்பாட்டுக்குள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் இந்தப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு குரல் வேண்டும்.

ஆகவே இந்த மாவட்டத்து எடிட்டர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்களுக்கென்று சங்கம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் புகைப்படச் சங்கங்களின் கதவைத் தட்டுங்கள். சட்டதிட்டத்தில் இடமில்லை என்று எந்தப் பெரியவராவது சொன்னால், திருத்தி எழுத என்னைப் போன்றவர்கள் உங்கள் பக்கம் நிற்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவில் 16 வயது முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் சேரலாம். ஆதார் அட்டையோடு பொதுச் சேவை மையத்துக்குப் போய் இந்த வாரமே பெயரைப் பதியுங்கள். எந்த வேலையையும் முன்பணமும் எழுத்தும் இல்லாமல் ஏற்காதீர்கள். படிவம் வேண்டுமானால் சங்கத்தில் கேளுங்கள், கொடுப்பார்கள்.